பூனை என்று அவள் சொல்லவில்லை

எதைக் கேட்டாலும் அவள் முதலில் சொல்வது "மதீபூ". பர்மிய மொழியில் அதற்குத் தெரியாது என்று பொருள். யாங்கோனில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை காதில் விழும் சொல். மற்றவர்கள் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவள் அதைச் சொன்ன பிறகுதான் லுங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவாள்.

க்யிம்யிண்டைங்கில் ஆற்றுப் படித்துறைக்குப் போகும் தெருவில் எங்கள் கட்டடம். நாங்கள் மூன்றாவது மாடி. அவள் தரைத்தளத்தில் பின்பக்க அறையில் தனியாக இருந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். மணமாகவில்லை. மாவ்பியில் ஒரு கோழிப்பண்ணையில் ஊசி போடும் வேலை பார்த்தவள், பிறகு கடைத்தெருவில் இருந்த கால்நடை மருத்துவரிடம் உதவிக்குச் சேர்ந்திருந்தாள். அந்தப் பர்மிய வைத்தியரை அவள் 'சயா' என்பாள். நாங்களும் அப்படியே சொன்னோம். அவள் பக்கத்தில் வந்தாலே டெட்டால் வாசனை வரும். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். எந்தப் பிராணியைத் தொடுவதற்கு முன்னும் இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள்வாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

அவளுடைய கல்யாணம் நின்றுபோன கதை எங்கள் கோயில் வட்டாரத்தில் பிரசித்தம். தரகர் வந்து நட்சத்திரம் கேட்டிருக்கிறார். "மதீபூ" என்றிருக்கிறாள். அவளுடைய அப்பா முனிசிபாலிட்டியில் தண்ணீர்க்குழாய் வேலை பார்த்தவர், எதையும் எழுதிவைக்காமல் போய்விட்டார். "ஏதாவது நல்ல நட்சத்திரமாச் சொல்லும்மா, நான் பாத்துக்கறேன்" என்று தரகர் சொல்லியும் கேட்கவில்லை. அவர் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்துத் தரகரின் வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணே, கண்டுபிடிச்சிட்டேன், அவிட்டம்" என்று நின்றாளாம். பிறப்புப் பதிவைத் தேடி, தேதியை வாங்கி, பழைய பஞ்சாங்கம் வைத்திருந்த குருக்களைப் பிடித்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். தரகருக்கு இவள் யாரென்றே நினைவில்லை. அந்த மாப்பிள்ளைக்கு அதற்குள் கல்யாணமே ஆகிவிட்டது.

இதை நான் பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நான் அவளுக்கு நேர்மாறு. என் கணவர் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். வீட்டில் நானும் மகள் செல்வியும்தான். அப்பா பக்கத்தில் இல்லாத பிள்ளை ஒன்றைக் கேட்கும்போது அம்மாவும் தெரியாது என்று சொன்னால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அதனால் எந்தக் கேள்விக்கும் என்னிடம் உடனே பதில் இருக்கும். மின்சாரம் எப்போது வரும், அப்பாவின் கப்பல் இப்போது எங்கே, காய்ச்சல் எத்தனை நாளில் போகும் என்று எல்லாவற்றுக்கும் சொல்வேன். பாதி சரியாக இருக்கும். மீதியை அவள் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

செல்விக்கு ஒன்பது வயதானபோது அவர் பாங்காக்கிலிருந்து ஒரு ஃபெரெட்டைக் கொண்டுவந்தார். கீரியைப் போல நீண்ட உடம்பு, வெல்லப்பாகு நிறம். தூங்கும்போது சுருண்டு வட்டமாகிவிடும். அதனால் ஜிலேபி. கட்டடத்தில் எல்லோரும் கீரி என்றே சொன்னார்கள். குட்டி போடாதபடி ஆப்பரேஷன் செய்தாகிவிட்டது என்று கடைக்காரன் தாய்லாந்து மொழியில் ஒரு தாள் கொடுத்திருந்தான். அதை எங்களில் யாராலும் படிக்க முடியவில்லை.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. பெரிய புயலுக்கு முந்தைய வருடம் ஜிலேபியின் வால் நுனியில் முடி உதிர ஆரம்பித்தது. எலிவால் போல ஆயிற்று. பிறகு இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வழுக்கை. ஓயாமல் சொறிந்துகொண்டது.

"என்னம்மா இது?" என்றாள் செல்வி.

"படை. வெயில் காலத்துல வரும். தனக்கா பூசினா போயிடும்."

தனக்கா மரப்பட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு இழைத்து முகத்தில் பூசிக்கொள்ளாத பெண் இந்த ஊரில் இல்லை. நான் தினமும் காலையில் செல்வியின் கன்னத்தில் பூசிவிட்டு, மிச்சத்தை ஜிலேபியின் வாலிலும் இடுப்பிலும் அப்பினேன். காய்ந்ததும் வழுக்கையே தெரியவில்லை. நல்லாகிவிட்டது என்று நானே நம்பினேன்.

ஒரு நாள் செல்வி அதைத் தூக்கிக்கொண்டு தரைத்தளத்துக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே இறங்கினேன். அவள் கைகளை அக்குளில் வைத்தபடி ஜிலேபியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணியை நனைத்துத் தனக்காவைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அக்கா, பூசினா அழகாத்தான் இருக்கு. உள்ள என்னன்னுதான் எனக்குத் தெரியாமப் போயிடுது."

அதை மல்லாத்தி வாலைத் தூக்கினாள். "பெண்குறி வீங்கியிருக்கு பாரும்மா. எப்பலருந்து?" என்று செல்வியைக் கேட்டாள். அந்தச் சொல்லை என் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் கூச்சமே இல்லாமல் குனிந்து பார்த்து, "ரெண்டு வாரம் இருக்கும் சித்தி" என்றாள்.

சித்தி! அதுவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. இந்த உறவை யார் கொடுத்தது?

"என்ன வியாதி சித்தி?"

"மதீபூ."

செல்வியின் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அது மலர்ந்தது.

இரண்டு நாள் கழித்து அவளே மூச்சிரைக்க எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள். கையில் எங்கேயோ ஒரு புத்தகத்திலிருந்து நகலெடுத்த நாலைந்து தாள்கள். "சயா சொல்றாரு, ஆப்பரேஷன்ல கருமுட்டைப் பையை எடுக்கிறப்ப ஒரு துணுக்கு உள்ளேயே தங்கிப்போயிருக்கலாம். அப்படி இல்லைன்னா, கிட்னிக்கு மேல ஒரு சுரப்பி இருக்காம். பையை எடுத்துட்ட ஃபெரெட்டுக்கு நாலஞ்சு வயசுல, சிலதுக்கு முன்னாடியே, அது பெருத்துப்போய் அந்தப் பையோட வேலையை இழுத்துப்போட்டுச் செய்யுமாம். ரெண்டுக்கும் வெளிய தெரியற அடையாளம் ஒண்ணுதான்."

"சரி, ரெண்டுல எது?" என்றேன்.

"மதீபூக்கா. அதுக்கு ஒரு ஊசி இருக்கு."

மீன் பண்ணைகளில் தாய் மீனுக்கு முட்டை இறங்கப் போடும் ஊசி அது. மாவ்பிப் பக்கம் தெரிந்த பண்ணை ஒன்றுக்கு பஸ்ஸில் போய், ஐஸ் பெட்டியில் ஒரு குப்பி வாங்கிவந்தாள். போட்ட பிறகு பத்து நாளில் வீக்கம் வற்றினால் துணுக்கு, வற்றாவிட்டால் சுரப்பி. சுரப்பி என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். அதுவரை எதையும் பூசக்கூடாது, தினமும் அளக்க வேண்டும்.

அளப்பது செல்வியின் வேலை. காலையில் எழுந்ததும் ஒரு நூலால் வீக்கத்தைச் சுற்றி அளந்து, அந்த நீளத்துக்கு வெட்டி நோட்டில் ஒட்டினாள். தேதியைப் பர்மிய எழுத்தில் போட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. கோயில் வகுப்புக்கு ஒரு மாதம் அனுப்பினேன், ஓடிவந்துவிட்டாள். கேட்டால் புரியும், பேசவும் பேசுவாள், அவ்வளவுதான். அளந்து முடித்ததும் நோட்டோடு கீழே ஓடிவிடுவாள். மூன்று மாடியும் அதிரும். அந்தச் சத்தம் இறங்கிப்போவதை நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். மேலே திரும்பி வரும்போது மெதுவாக நடந்து வருவாள்.

வீட்டிலும் "மதீபூ" நுழைந்தது. கணக்குப் பாடம் ஏன் குறைந்தது என்றால் மதீபூ. சோறு போதுமா என்றால்கூட மதீபூ. ஒரு நாள் கையை ஓங்கிவிட்டேன்.

அதற்குச் சில நாள் முன்பு நடந்தது இன்னும் எரிகிறது. செல்வி அந்த வருடம்தான் பெரியவளாகியிருந்தாள். மாதாமாதம் ஏன் ரத்தம் என்று என்னைக் கேட்டபோது, "உடம்புல இருக்கிற அழுக்கு ரத்தம், வெளிய போறது நல்லது" என்று சொல்லி முடித்திருந்தேன். என் அம்மா எனக்குச் சொன்னது அது. செல்வி அதே கேள்வியைக் கீழேயும் கொண்டுபோயிருக்கிறாள். அவளும் வழக்கம்போல மதீபூ சொல்லிவிட்டு, ஒரு நர்ஸைத் தேடிப்போய்க் கேட்டுவந்து, சாக்பீஸால் தரையில் கருப்பையை வரைந்து காட்டியிருக்கிறாள். செல்வி வந்து என்னிடம், "அழுக்கு இல்லையாம், அம்மா. பிள்ளைக்கு மெத்தை போட்டுப் பாத்துட்டு, பிள்ளை வரலன்னு சுருட்டி வெளிய போடறதாம்" என்றாள். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்கும் தெரிந்தால் நல்லது என்று சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

ஊசி போட்ட ஆறாம் நாள். நூல்கள் எல்லாம் ஒரே நீளம். நான் கடைத்தெருவில் பிராணி விற்பவனிடம் விசாரித்தேன். அவன், "பருவத்துக்கு வந்த பொட்டை ஃபெரெட்டு ஆணோட சேரலன்னா ரத்தம் வத்திச் செத்துப்போகும்மா" என்றான். ஆப்பரேஷன் ஆகாத ஃபெரெட்டுக்கு அது உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு என் மனம் மளமளவென்று கணக்குப் போட்டது. ஆப்பரேஷன் செய்திருந்தால் எப்படி வீங்கும்? பாங்காக்கில் கடைக்காரன் ஏமாற்றியிருக்கிறான். இது நோயே இல்லை, பருவம். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் மீன் ஊசி, நூல், நோட்டு என்று ஆட்டிவைக்கிறாள் ஒருத்தி. நான் குணப்படுத்திக் காட்டுகிறேன். செல்வி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஜிலேபி நன்றாக இருக்கும். அப்போது தெரியட்டும், யாருக்குத் தெரியும் என்று.

ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலை மேஸ்திரி ஆண் ஃபெரெட் வைத்திருப்பதாக அந்தப் பிராணி விற்பவனே சொன்னான். மூடிபோட்ட கூடையில் ஜிலேபியை வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிற மாதிரி ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கிக்கொண்டேன்.

மேஸ்திரி மரியாதையானவர். கூண்டைத் திறந்தார். அந்த ஆண், ஜிலேபியைவிட ஒரு மடங்கு பெரியது, வந்த வேகத்தில் அதன் பிடரியைக் கவ்வித் தரையில் இழுத்தது. ஜிலேபி கத்தியது. அப்படி ஒரு சத்தம் அதற்கு வரும் என்றே எனக்குத் தெரியாது.

"எடுங்க! எடுங்க!" என்றேன்.

"பயப்படாதீங்க அமா, இதுங்க ஜாதியே இப்படித்தான்" என்று சிரித்தார். அமா என்றால் அக்கா. நான் கையை விட்டு இழுக்கப் போனேன். அவர் தடுத்தார். இடையில் இழுத்தால் பிடரி கிழிந்துவிடும் என்றார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வாழைப்பழம் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து ரத்தத்தைக் கழுவினேன். மஞ்சள் வைத்தேன். அதன் மேல் தனக்காவை இழைத்துப் பூசினேன். என் கை தானாகவே அதைச் செய்தது.

இரண்டாம் நாள் ஜிலேபி சாப்பிடவில்லை. பிடரி உருண்டையாக வீங்கிக் கொதித்தது. செல்வி முடியை விலக்கிப் பார்த்து அலறினாள்.

"யாரும்மா கடிச்சது?"

"பூனை" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பின்பக்க ஜன்னல் வழியா வந்த பூனை. நான்தான் விரட்டினேன்."

கீழே கொண்டுபோனோம். அவள் துணியை நனைத்துத் தனக்காவைத் துடைத்தாள். மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆழமான பல் தடங்கள். குனிந்து முகர்ந்தாள். ஆண் ஃபெரெட்டின் வாடை எதில் கழுவினாலும் சுலபத்தில் போகாது. ஜிலேபியின் வாடை பழகிய மூக்குக்கு வித்தியாசம் தெரிய அது போதும். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நீளமாகவெல்லாம் இல்லை. ஒரே ஒரு பார்வை. என் மகள் இனிமேல் என்னை நம்புவாளா மாட்டாளா என்பது இந்தப் பெண்ணின் அடுத்த வார்த்தையில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"பூனைதானா சித்தி?" என்றாள் செல்வி.

"மதீபூ" என்றாள் அவள். ஜிலேபியைத் திருப்பி வைத்து, "வெந்நி கொண்டா, சீழை எடுக்கணும்" என்று அவளை அனுப்பிவிட்டாள்.

பத்து நாள் தினமும் மாடிக்கு வந்து புண்ணைக் கழுவி, சீழுக்கு ஊசி போட்டாள். நான் டீ கொடுப்பேன், குடிப்பாள். அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் சொல்லியிருந்தால்கூடக் கோபப்பட்டு ஆறியிருப்பேன். சொல்லாமல் இருந்ததிலும் அவளே உயர்ந்து நின்றாள். அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

ஒரு நாள் படிக்கட்டில் மறித்துக் கேட்டுவிட்டேன். "ஏன் அவகிட்ட சொல்லல?"

அவள் சுற்றி வளைக்கவில்லை. "ஊசி போடறப்ப பிடிச்சுக்க ரெண்டு ஆளு வேணும்க்கா. செல்வி தலையைப் பிடிக்கிறா, நீங்க காலைப் பிடிக்கிறீங்க. உங்க கையை அவ தட்டிவிட்டான்னா நான் யாரை வச்சு வேலை பாக்கிறது?" கீழே இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள். "இன்னொரு தடவை மட்டும் வேண்டாம்க்கா. தாங்காது அது."

வீக்கம் கடைசிவரை வற்றவில்லை. சுரப்பிதான். பிடரி ஆறியதும் ஒரு முற்பகலில், மின்சாரத்தை நம்பாமல் மேசையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு சயா வயிற்றைத் திறந்தார். அவருக்கும் அது முதல் ஃபெரெட். இடது பக்கம் என்றால் எடுத்துவிடலாம், வலது என்றால் பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கும், தொடாமல் மூடிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவள் அந்த நகல் தாள்களைப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். செல்வி வெளியே பெஞ்சில் நோட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பொழைச்சிடுமாம்மா?" என்றாள்.

பொழைச்சிடும் என்று நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை.

இடது பக்கம்தான். அரிசி அளவில் இருக்க வேண்டியது கொண்டைக்கடலை அளவில் இருந்தது. அவள் அதை ஒரு சின்னப் புட்டியில் போட்டு வெளியே கொண்டுவந்து செல்வியிடம் காட்டினாள். பத்து நாளில் வீக்கம் வற்றியது. மழைக்காலம் முடியும்போது வாலில் முடி வந்துவிட்டது, முன்பைவிட அடர்த்தியாக.

அடுத்த வருடம் புயல் வந்தது. ஆற்றுத் தண்ணீர் தரைத்தளத்தில் இடுப்பளவு நின்றது. அவளுடைய அறை போயிற்று. பண்ணைகளில் ஆள் தேவை என்று மாவ்பிக்குப் போனவள் திரும்பவில்லை. போகிற அன்று செல்வி அழுதுகொண்டே அவளுக்கு ஈர மூட்டையைக் கட்டிக் கொடுத்தாள். நானும் கையைக் கொடுத்தேன். போய்த் தொலையட்டும் என்று ஒரு மனம் சொன்னது. இவள் போனால் இனி யாரிடம் கேட்பது என்று இன்னொரு மனம் பதறியது. ஜிலேபி இன்னும் ஒன்றரை வருடம் இருந்து, தூக்கத்தில் சுருண்டபடியே போனது.

செல்விக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. போன வாரம் குழந்தையின் கையில் ஏதோ பூச்சிக்கடி. "எறும்பு" என்றேன் உடனே. செல்வி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மா, சித்தி மதீபூ சொன்னா ரெண்டு நாள்ல பதிலோட வருவாங்கல்ல?" என்றாள்.

"ஆமா."

"நட்சத்திரத்துக்கே ரெண்டு மாசம் கழிச்சு வந்தவங்க. ஜிலேபியோட பிடரிக்கு மட்டும் பதிலே கொண்டு வரல." குழந்தையின் கையில் மருந்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நீ பூனைன்னு சொன்ன. அவங்க பூனைன்னு சொல்லல."

நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அன்றிலிருந்துதான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதினால் செல்வியால் படிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் இவ்வளவு எழுத முடிந்தது. இன்று பிற்பகல் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து மேசையில் கிடந்த தாள்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரைப் பத்திம்மா?"

"சித்தியைப் பத்தி."

அவள் தாள்களை வரிசையாக அடுக்கி என் முன்னால் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"படிச்சுக் காட்டு. மெதுவாப் படி, வேகமாப் போனா எனக்குத் தமிழ் புரியாது."